யூரியா கரைத்த வாளி ஏன் ஜில்லென்று ஆகிறது?

பாலக்கோடு பக்கம் தக்காளி போட்டிருக்கும் குடும்பத்துப் பிளஸ் ஒன் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: தெளிப்புக்காக அப்பா வாளியில் யூரியா கரைக்கும்போது வாளி ஜில்லென்று ஆகிவிடுகிறது. வெப்பத்தை வெளியே விடும் வினைதான் தானாக நடக்கும் என்று டியூஷனில் சொல்லிக் கொடுத்தார்கள். அப்படியென்றால் வெப்பத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் யூரியா எப்படித் தானாகக் கரைகிறது? என்தால்பி, என்ட்ரோபி, கிப்ஸ் ஆற்றல் என்று மூன்று எதற்கு, ஒன்று போதாதா?

மூன்று சொற்களுக்கு விளக்கம் கேட்பது போல இருந்தாலும், தம்பி கேட்பது ஒரே கேள்விதான். ஒரு மாற்றம் தானாக நடக்குமா நடக்காதா என்பதை எது முடிவு செய்கிறது? வெப்ப இயக்கவியல் பாடம் முழுவதும் இந்த ஒரு கேள்விக்காகத்தான் இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்தில் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 22 வருடமாக வேதியியல் நடத்துகிறேன். இந்தப் பாடத்தைச் சூத்திரமாக மனப்பாடம் செய்துவிட்டுக் கடைசிவரை புரியாமலே போன பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வாளியிலிருந்து கேள்வி கேட்பவர்களுக்குத்தான் இது சீக்கிரம் பிடிபடும். அதனால் நானும் வாளியை விட்டு நகராமல் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். டியூஷனில் சொன்னதை 19-ஆம் நூற்றாண்டில் பெரிய வேதியியலாளர்களே நம்பினார்கள். டென்மார்க்கின் யூலியஸ் தாம்சன், பிரான்சின் மார்செலன் பெர்தலோ இருவரும் அதிக வெப்பத்தை வெளியிடும் பக்கமாகத்தான் வினை போகும் என்றார்கள். அறை வெப்பநிலையில் பல வினைகளுக்கு அது சரியாகவே வரும். ஆனால் தண்ணீர் தானாக ஆவியாகிறது, மண்பானை குளிர்கிறது, யூரியா கரைகிறது. விதிவிலக்கு இவ்வளவு இருந்தால் அது விதியே இல்லை.

சரி, வாளிக்கு வருவோம். உள்ளே இருக்கும் யூரியாவும் தண்ணீரும் அமைப்பு. வாளியின் பிளாஸ்டிக், சுற்றியிருக்கும் காற்று, கலக்கும் அப்பாவின் கை எல்லாம் சூழல். இந்தக் கோட்டை எங்கே போடுவது என்பது நம் வசதி. ஆனால் ஒருமுறை போட்டால் கணக்கு முடியும்வரை நகர்த்தக் கூடாது. முதல் விதி சொல்வது இதுதான்: அமைப்புக்குள் வந்த ஆற்றல் எங்கிருந்தோ வந்தது, வெளியே போனது எங்கேயோ இருக்கிறது, நடுவில் எதுவும் தொலையாது. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. பிள்ளைகளைக் குழப்புவது குறியீடுதான். வேதியியல் புத்தகத்தில் அக ஆற்றல் மாற்றம் என்பது வெப்பம் கூட்டல் வேலை. இயற்பியல் புத்தகத்தில் அதே விதி வெப்பம் கழித்தல் வேலை என்று வரும். முன்னது அமைப்பின் மீது செய்யப்பட்ட வேலையை எண்ணுகிறது, பின்னது அமைப்பு செய்த வேலையை. இரண்டும் சரி, ஒரே தாளில் கலக்காமல் இருந்தால் போதும்.

என்தால்பி என்பதைத் தொடக்கத்தில் இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: வாய் திறந்த பாத்திரத்தில், அதாவது மாறாத காற்றழுத்தத்தில், ஒரு மாற்றம் நடக்கும்போது கைமாறும் வெப்பம்தான் என்தால்பி மாற்றம். நம் சமையலும் தோட்டத்து வேலையும் ஆய்வகச் சோதனைகளும் பெரும்பாலும் திறந்த பாத்திரத்தில்தான் நடக்கின்றன. அதனால்தான் வேதியியலில் அக ஆற்றலைவிட இந்தப் பெயர் அதிகம் அடிபடுகிறது. யூரியாவின் படிகத்தில் மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அந்தப் பிடியை விடுவிக்க ஆற்றல் செலவாகிறது. பிரிந்த மூலக்கூறுகளைத் தண்ணீர் சூழ்ந்துகொள்ளும்போது கொஞ்சம் ஆற்றல் திரும்பக் கிடைக்கிறது. வரவு செலவு பார்த்தால் ஒரு மோலுக்கு, அதாவது 60 கிராம் யூரியாவுக்கு, ஏறத்தாழ 15 கிலோ ஜூல் துண்டு விழுகிறது. அந்தத் துண்டைத் தண்ணீரின் சூட்டிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் வாளி ஜில்லென்று ஆகிறது.

இங்கே ஒரு இடத்தில் நிறையப் பேர் தடுக்கி விழுவார்கள், கொஞ்சம் நின்று பாருங்கள். “வெப்பம் கொள் வினை என்றால் அமைப்பு வெப்பத்தை வாங்குகிறது, வாங்கினால் சூடாகத்தானே வேண்டும், ஏன் குளிர்கிறது?” என்று வருடா வருடம் யாராவது கேட்பார்கள். நல்ல கேள்வி. கரைதல் நடக்கும் அந்த ஒன்றிரண்டு நிமிடத்தில் வெளியிலிருந்து வெப்பம் வர நேரமில்லை. உள்ளே இருக்கும் தண்ணீரே தன் சூட்டைக் கொடுக்கிறது, வெப்பநிலை இறங்குகிறது. அப்புறம்தான் கையிலிருந்தும் காற்றிலிருந்தும் மெல்ல வெப்பம் உள்ளே வருகிறது. வாளி பழைய வெப்பநிலைக்குத் திரும்பும்வரை மொத்தம் எவ்வளவு உள்ளே வந்ததோ அதுதான் அந்த 15 கிலோ ஜூல். புத்தகத்தில் போட்டிருக்கும் எண் ஆரம்பமும் முடிவும் ஒரே வெப்பநிலையில் இருக்கும்போது எடுத்தது. நடுவில் வாளி குளிர்ந்தது கணக்கில் தெரியாது.

நடுவில் நடந்தது கணக்கில் தெரியாது என்பதற்கு ஒரு பெயர் உண்டு, நிலைச் சார்பு. தர்மபுரியிலிருந்து ஓசூருக்குப் பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாகவும் போகலாம், காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி, சூளகிரி வழியாகவும் போகலாம். எப்படிப் போனாலும் ஏறிய உயரம் ஒன்றுதான், சுமார் 400 மீட்டர். செலவான பெட்ரோல் வழிக்கு வழி மாறும். உயரம் நிலைச் சார்பு, பெட்ரோல் வழிச் சார்பு. என்தால்பி உயரத்தைப் போல. 1840-இல் ஹெஸ் கண்டு சொன்னது இதைத்தான். கரி நேராகக் கார்பன் டை ஆக்சைடு ஆனால் ஒரு மோலுக்கு 393.5 கிலோ ஜூல் வெளியே வரும். முதலில் கார்பன் மோனாக்சைடு ஆனால் 110.5, அது மேலும் எரிந்தால் 283. கூட்டிப் பாருங்கள், அதே 393.5. நேரடியாக அளக்க முடியாத வினைக்கும் கணக்குப் போட்டு விடை எடுக்க இந்த விதிதான் வழி.

இப்போது கேள்வியின் உயிரான பகுதி. 15 கிலோ ஜூல் துண்டு விழுகிறது என்று தெரிந்தும் யூரியா ஏன் கரைகிறது? இங்கேதான் என்ட்ரோபி. 1865-இல் கிளாசியஸ் வைத்த பெயர். புத்தகங்களில் “ஒழுங்கின்மை” என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லை நான் வகுப்பில் முடிந்தவரை தவிர்க்கிறேன். கலைந்து கிடக்கும் அறை, சிதறிய புத்தகப் பை என்று உதாரணம் சொல்லப்போய், கண்ணுக்குக் கலைந்து தெரிவதெல்லாம் என்ட்ரோபி என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். எண்ணிக்கையாகச் சொன்னால் தெளிவு வரும். நான்கு மூலக்கூறுகள், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு அறைகள். ஒவ்வொன்றும் எந்த அறையிலும் இருக்கலாம் என்றால் மொத்தம் 16 விதம். நான்கும் இடது அறையிலேயே இருக்க ஒரே ஒரு விதம்தான். இரண்டும் இரண்டுமாகப் பிரிந்திருக்க 6 விதம். மூலக்கூறுகளைப் பத்தாக்கினால் மொத்தம் 1024 விதம், எல்லாம் ஒரே பக்கம் இருக்க அப்போதும் ஒரே விதம், சரிபாதியாக இருக்க 252. வாளியில் இருக்கும் எண்ணிக்கையோ கோடி கோடியாகக் கோடிகள். எல்லா யூரியாவும் அடியில் குருணையாகவே உட்கார்ந்திருப்பதைவிடத் தண்ணீர் முழுக்கப் பரவியிருக்கத்தான் ஏராளமான விதங்கள் உண்டு. யாரும் தள்ள வேண்டியதில்லை. அதிக விதங்கள் எங்கே இருக்கின்றனவோ அங்கேதான் அமைப்பு போய் நிற்கும். மூலக்கூறுகளும் அவற்றின் ஆற்றலும் எத்தனை விதமாகப் பரவி இருக்கலாம் என்பதன் அளவுதான் என்ட்ரோபி.

இரண்டாம் விதி சொல்வது, அமைப்பு, சூழல் இரண்டின் என்ட்ரோபியையும் சேர்த்துப் பார்த்தால் அந்தக் கூட்டுத்தொகை கூடினால்தான் மாற்றம் தானாக நடக்கும். “சேர்த்து” என்ற சொல்லுக்கு அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வாளிக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மோல் யூரியா கரையும்போது அமைப்பின் என்ட்ரோபி ஏறத்தாழ 70 ஜூல்/கெல்வின் கூடுகிறது. அதே நேரத்தில் சூழல் 15,000 ஜூல் வெப்பத்தை இழக்கிறது. வெப்பத்தை இழந்த இடத்தில் பரவும் விதங்கள் குறையும். எவ்வளவு என்றால் வெப்பத்தை வெப்பநிலையால் வகுக்க வேண்டும். 25 டிகிரி செல்சியஸ் என்பது 298 கெல்வின். 15,000-ஐ 298-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 50. சூழலுக்கு 50 நஷ்டம், அமைப்புக்கு 70 லாபம், மொத்தத்தில் 20 லாபம். கரைகிறது. அவ்வளவுதான் விஷயம். வெப்பத்தை வெளியிடும் வினைகள் பெரும்பாலும் தானாக நடப்பதும் இதே காரணத்தால்தான். வெளியே போன வெப்பம் சூழலின் என்ட்ரோபியைக் கூட்டிவிடுகிறது. தாம்சனும் பெர்தலோவும் சூழலின் கணக்கை மட்டும் பார்த்தார்கள், அமைப்பின் கணக்கை விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் கிப்ஸ் ஆற்றல் எதற்கு? ஒவ்வொரு முறையும் சூழலுக்குத் தனியாகக் கணக்குப் போடுவது சிரமம். அமெரிக்காவின் வில்லார்ட் கிப்ஸ் 1870-களில் இதற்கு வழி செய்தார். வெப்பநிலையும் அழுத்தமும் மாறாமல் இருந்தால், சூழலின் கணக்கையும் அமைப்பின் எண்களைக் கொண்டே எழுதிவிடலாம். டெல்டா ஜி = டெல்டா ஹெச் − வெப்பநிலை × டெல்டா எஸ். டெல்டா என்றால் மாற்றம்; ஜி கிப்ஸ் ஆற்றல், ஹெச் என்தால்பி, எஸ் அமைப்பின் என்ட்ரோபி. டெல்டா ஜி எதிர்க்குறியாக வந்தால் மாற்றம் தானாக நடக்கும். யூரியாவுக்கு டெல்டா ஹெச் 15 கிலோ ஜூல். வெப்பநிலையை என்ட்ரோபியால் பெருக்கினால் 298 × 70, ஏறத்தாழ 21 கிலோ ஜூல். கழித்தால் −6. முந்தைய பத்தியில் மொத்த லாபம் 20 என்று வந்ததே, அதை 298-ஆல் பெருக்கிப் பாருங்கள், அதே 6 வரும், குறி மட்டும் மாறியிருக்கும். கிப்ஸ் ஆற்றல் புதிதாக ஒரு மூன்றாவது பொருள் கிடையாது. மொத்த என்ட்ரோபியைத்தான் குறி மாற்றி ஆற்றல் அலகில் எழுதியிருக்கிறார்கள். தம்பி கேட்ட “ஒன்று போதாதா” என்பதற்கு விடை: தீர்ப்புக்கு ஒன்று போதும், அது டெல்டா ஜி. அந்தத் தீர்ப்பு ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ள மற்ற இரண்டும் வேண்டும்.

இதற்கு நேர் எதிரான உதாரணமும் நம் ஊரிலேயே இருக்கிறது. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கச் சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். என் சிறு வயதில் வீட்டு முற்றத்தில் பழைய தகர டின்னில் பெரியப்பா நீற்றுவார். கல் விழுந்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. அப்புறம் ‘கிசுகிசு’வென்று சத்தம், கல் வெடித்து மலர்ந்து மாவாகும், தண்ணீர் அடுப்பில் வைத்தது போலத் தளதளவென்று கொதிக்கும். எங்களைத் திண்ணையை விட்டு இறங்க விடமாட்டார். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து என்பதால் அது நியாயமான கண்டிப்பு. இந்த வினையில் ஒரு மோலுக்குச் சுமார் 65 கிலோ ஜூல் வெளிவருகிறது. ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு 1,100 கிலோ ஜூலுக்கு மேல். மூன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். ஆனால் அமைப்பின் என்ட்ரோபியைப் பாருங்கள்: ஓடித் திரிந்த தண்ணீர் மூலக்கூறுகள் திண்மத்துக்குள் அடைபடுகின்றன, அதனால் சுமார் 26 ஜூல்/கெல்வின் குறைகிறது. சூழலுக்கோ 65,000-ஐ 298-ஆல் வகுத்த 218 லாபம். மொத்தத்தில் 192 கூடுகிறது. யூரியாவில் அமைப்பு சம்பாதித்துச் சூழலின் நஷ்டத்தை ஈடுகட்டியது. இங்கே சூழல் சம்பாதித்து அமைப்பின் நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. இந்த இரண்டு பாத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யோசித்தால் பாடத்தின் பெரும்பகுதி வந்துவிடும்.

அந்தச் சுட்ட சுண்ணாம்பு காளவாயில் எப்படி வந்தது என்பதையும் பார்த்துவிடலாம், வெப்பநிலையின் வேலை அங்கேதான் தெரியும். சுண்ணாம்புக்கல் உடைந்து சுட்ட சுண்ணாம்பும் கார்பன் டை ஆக்சைடும் ஆக மோலுக்கு 178 கிலோ ஜூல் வேண்டும். வாயு வெளிவருவதால் என்ட்ரோபி 160 ஜூல்/கெல்வின் கூடும். அறை வெப்பநிலையில் 178-இலிருந்து 48 போக 130 மிச்சம், டெல்டா ஜி நேர்க்குறி. அதனால்தான் சுண்ணாம்புக்கல் லட்சக்கணக்கான வருடம் கல்லாகவே கிடக்கிறது. வெப்பநிலையை ஏற்ற ஏற்ற கழிக்கும் தொகை பெரிதாகிறது. 178,000-ஐ 160-ஆல் வகுத்தால் சுமார் 1,110 கெல்வின், அதாவது 840 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் டெல்டா ஜி எதிர்க்குறி. இந்த 840 என்பதை உத்தேசம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்டா ஹெச்சும் டெல்டா எஸ்ஸும் வெப்பநிலையோடு மாறவே மாறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது. உண்மையில் கொஞ்சம் மாறும். அளந்து பார்த்தால் வெளிவரும் வாயுவின் அழுத்தம் ஒரு வளிமண்டலத்தை எட்டுவது 900 டிகிரியை ஒட்டித்தான். தேர்வில் 840 சரியான விடை, காளவாய் கட்டுபவருக்கு அது போதாது.

அழுத்தத்தைச் சொன்னதால் இன்னொன்று. ஒரு மோல் தண்ணீர் கொதித்து ஆவியாக 40.7 கிலோ ஜூல் வேண்டும், என்ட்ரோபி 109 ஜூல்/கெல்வின் கூடும். வகுத்தால் 373 கெல்வின், அதாவது 100 டிகிரி. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. குறைந்த அழுத்தத்தில் நீராவிக்குப் பரவ இடம் அதிகம், என்ட்ரோபியும் அதிகம், அதனால் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும்.

டெல்டா ஜி எதிர்க்குறி என்றால் உடனே நடந்துவிடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அடுப்புக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்த புளிய விறகு காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிவதற்கான டெல்டா ஜி மிகப் பெரிய எதிர்க்குறி எண். ஆனாலும் தீக்குச்சி வைக்கும்வரை விறகு விறகாகவே இருக்கிறது. கிளர்வு ஆற்றல் என்ற தடுப்பைத் தாண்ட வேண்டும், அது வினைவேகவியல் பாடம். வெப்ப இயக்கவியல் நடக்கலாமா கூடாதா என்று மட்டும் சொல்லும். எப்போது, எவ்வளவு வேகமாக என்று அது ஒருபோதும் சொல்லாது. வினைவேக மாற்றி சேர்த்தாலும் டெல்டா ஜி மாறாது. இது உறுதியானது, பொதுத்தேர்வில் தைரியமாக எழுதலாம்.

நான் போட்ட −6 கிலோ ஜூலுக்கும் ஒரு எல்லை உண்டு. அது குறிப்பிட்ட செறிவுக்கு, திட்ட நிலைக்கு எடுத்த எண். யூரியாவைப் போடப் போடக் கரைசல் அடர்த்தியாகும், மேலும் பரவக் கிடைக்கும் புதிய விதங்கள் குறையும், டெல்டா ஜி பூஜ்ஜியத்தை நோக்கி வரும். பூஜ்ஜியம் ஆனதும் அது சமநிலை, கரைசல் தெவிட்டிவிட்டது, மீதி குருணை அடியிலேயே தங்கும். அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோவுக்கு மேலேயே யூரியாவை ஏற்றுக்கொள்ளும் என்பதால் தோட்டத்தில் இந்த நிலை அபூர்வமாகத்தான் வரும். ஆனால் வாளி அதிகமாகக் குளிர்ந்துவிட்டால் கரைவது மந்தமாகும். வெயிலில் வைத்த தண்ணீரில் அப்பா கரைப்பவராக இருந்தால் அதற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக, அளந்து பாருங்கள். 100 கிராம் யூரியா, ஒரு லிட்டர் தண்ணீர், சமையலுக்குப் பயன்படுத்தாத ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பா, பள்ளி ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானி. இப்போது கடையில் வருவது வேப்ப எண்ணெய் பூசிய யூரியா, கரைசல் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், கணக்குக்குப் பாதகமில்லை. 100 கிராம் என்பது 1.67 மோல், அதற்கு 25 கிலோ ஜூல். ஒரு கிலோ நூறு கிராம் கரைசல் அவ்வளவு வெப்பத்தை இழந்தால் 5 முதல் 6 டிகிரி இறங்க வேண்டும். உங்களுக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், கரைவதற்குள் டப்பாவும் காற்றும் சூடு கொடுத்துவிடும். டப்பாவைப் பழைய துணியால் நாலு சுற்றுச் சுற்றி மூடி போட்டு மறுபடி செய்யுங்கள். இரண்டு அளவையும் இங்கே எழுதுங்கள், வித்தியாசத்திலிருந்து டப்பா எவ்வளவு வெப்பம் கொடுத்தது என்று சேர்ந்து கணக்குப் போடலாம்.